ஐந்தாம் படியில் ஒரு கிளிஞ்சல்

மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் நம்பி ஐயங்காரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்லூரியில் உத்தியோகம் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். என்ன பாடம் என்று யாராவது கேட்டால், "பூகர்ப்ப சாஸ்திரம்" என்பார். கேட்டவர் உடனே தம் வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்ட எந்த மூலை நல்லது என்று விசாரிப்பார். நம்பி தெரியாது என்பார். அத்தோடு அவர் படிப்பின் மேல் இருந்த மதிப்பு போய்விடும்.

உண்மையில் அவர் பார்த்த வேலை சாவு சம்பந்தப்பட்டது. அவர் டிமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர் வகுப்பில் வாயால் சொன்னதைப் பிற்பாடு கையில் எடுத்துக் கொடுத்துக் காட்டுகிறவர். என்றைக்கோ கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன பூச்சிகள், நத்தைகள், மீன்கள், பிறகு யானையைவிடப் பெரிய பல்லிகள், இவையெல்லாம் எப்போது இருந்தன, எப்போது கூண்டோடு போயின என்று பையன்களுக்கு விளக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருந்தது. மைசூர் மண்ணில் அந்தமாதிரிக் கல் ஒன்றுகூடக் கிடையாது. இங்கே உள்ள பாறை, ஓடும் எலும்பும் உள்ள உயிர்கள் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே இறுகிப்போனது. சாமுண்டி மலையை முழுக்க உடைத்தாலும் ஒரு நத்தை தேறாது. அரியலூர்ப் பக்கம் பையன்களை அழைத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி வந்தது கொஞ்சம். மீதிக்கு நம்பியே பிளாஸ்டர் கரைத்து அச்சில் வார்த்துக் காயவைப்பார். மூலை உடைந்ததையும் மூக்கு நசுங்கினதையும் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிப் பேராசிரியர் அனுமதி கொடுத்திருந்தார்.

பேராசிரியர் நல்ல மனுஷர். ஒரே ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ராட்சசப் பல்லிகள் அழிந்ததற்கு இனத்துக்கே மூப்பு வந்ததுதான் காரணம் என்பது பேராசிரியர் கட்சி. அந்தக் காலத்தில் பெரிய பெரிய புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நம்பிக்கு மனசு ஒப்பவில்லை. வயசாகி ஒருத்தர் சாகலாம், ஊரே ஒன்றாக வயசாகிச் சாகுமா என்பார். வடக்கே பம்பாய் ராஜ்யம் முழுக்கத் தக்காணத்தில் கருங்கல்லாகப் படிந்து கிடக்கிற நெருப்புக் குழம்பையும், அது கக்கியிருக்கக்கூடிய புகையையும் அவர் சந்தேகப்பட்டார். சந்தேகத்துக்குச் சாட்சி இல்லை. ஆகவே பையன்களிடம் மூப்பு என்றே சொல்லிக்கொடுத்தார், சம்பளம் அதற்குத்தான் என்பதால்.

உள்ளபடி நினைத்ததைச் சொல்ல அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு, பெண்டாட்டி லக்ஷ்மம்மா. குழந்தைகள் இல்லை. ராத்திரி இலையில் சாதத்தின் மேல் சாத்தமுது ரசத்தை ஊற்றிக்கொண்டே, மற்றவர்கள் ஆபீஸ் வம்பு பேசுவதைப்போல அவர்கள் இதைப் பேசுவார்கள்.

"இன்னிக்கு என்ன பாடம்?" என்பாள் லக்ஷ்மம்மா.

"இன்னிக்கு எல்லாரும் செத்துப்போயிட்டா."

"அடப்பாவமே. என்னத்தால?"

"கடல் உள்வாங்கிடுத்து. மழை நின்னு போச்சு."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிப்பாள். பிறகு தவறாமல் ஒன்று கேட்பாள். "யாராவது பாக்கி இருந்தாளா?"

"இருந்தா. இல்லாட்டா நாம ஏது?"

"கெட்டிக்காராளா இருந்திருப்பா."

"கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் இல்லைடி. அந்தச் சமயத்துல வேற எங்கேயோ இருந்தா. அவ்வளவுதான்."

இதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மோர்ச் சாதம் இறங்கும்.

லக்ஷ்மம்மாவுக்கு வருஷத்தில் நவராத்திரி ஒன்றுதான் தன்னுடையது. ஒன்பது படி கட்டிக் கொலு வைப்பாள். தெருவில் அவள் கொலுவுக்கு நல்ல பெயர். பிறந்தவீட்டிலிருந்து கல்யாணத்தின்போது கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடி மேல்படியில் நிற்கும். அதற்குக் கீழே தசாவதாரம். பெயர்தான் தசாவதாரமே தவிர, எண்ணினால் ஒன்பது இருக்கும். கூர்மாவதாரத்தை மட்டும் என்றோ ஒரு வருஷம் நம்பியின் அக்கா பங்கஜவல்லி, மேல்கோட்டையில் தன் கொலுவுக்கு வேண்டும் என்று எடுத்துப்போனாள். போனது போனதுதான். லக்ஷ்மம்மா திருப்பிக் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை. வந்தவர்கள் எண்ணிப் பார்த்து, ஆமை எங்கே என்று கேட்டால், "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லிச் சுண்டல் கிண்ணத்தை நீட்டுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம் நவராத்திரி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றியாயிற்று. கார்த்திகையில் லக்ஷ்மம்மா படுத்துக்கொண்டாள். ஜுரம் என்றார்கள், பிறகு நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு சிறுநீரகம் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பரணுக்கு நேர் மேல ஒரு ஓடு விண்டிருக்கு. மழைக்கு முன்னால மாத்திடுங்கோ." நம்பி சரி என்றார். அவள் போய்விட்டாள். ஓடு அவர் நினைவிலிருந்தே போய்விட்டது.

அடுத்த நவராத்திரிக்குத் துக்க வருஷம், கொலு கிடையாது. பெட்டியை யாரும் தொடவில்லை. ஐம்பத்து மூன்றில் ஆவணி கடைசியில் பங்கஜவல்லி சொல்லியனுப்பினாள், மகாளய அமாவாசையன்று வருகிறேன், பெட்டியை இறக்கி வை, பொம்மைகளை நான் எடுத்துக்கொள்கிறேன், பெண்பிள்ளை இல்லாத வீட்டில் அவை என்னத்துக்கு என்று. நம்பிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியை இறக்கினார். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

திறந்து பார்த்தால் உள்ளே சேறு.

இரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, துரு பிடித்த மூடி வழியே உள்ளே போய், பச்சைமண் பொம்மைகளையும் காகிதக்கூழ்ப் பொம்மைகளையும் ஒன்றாகக் கரைத்து, பிறகு வெயிலில் இறுகிப் பாளம் பாளமாக விட்டிருந்தது. மச்சாவதாரம் மீன்தான். தண்ணீரில் முதலில் கரைந்தது அதுதான் போலிருக்கிறது, அடையாளமே இல்லை. வாமனர் குடையின் கம்பி மட்டும் நின்றது. நம்பி கல்லூரிச் சுத்தியல், தூரிகை எல்லாம் கொண்டுவந்து, தொழில் தெரிந்தவர் என்பதால், அடுக்கடுக்காக உரித்துப் பார்த்தார். தேறியவை இவ்வளவு: செம்மரத்தில் செய்த மரப்பாச்சி ஜோடி. சூளையில் சுட்ட செட்டியார், செட்டிச்சி இல்லாமல். ஒரு பீங்கான் நாய். ஒரு பித்தளை யானை. அழகுக்கோ பக்திக்கோ அங்கே மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. லக்ஷ்மம்மாவுக்கு உயிரான ராதை போய்விட்டாள். பல் போன செட்டியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

நம்பி கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதார். பெண்டாட்டி செத்தபோது ஊரார் முன்னால் அழுததைவிடக் கூடுதலாகவே அழுதார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, கொல்லையிலிருந்து படிப் பலகைகளை எடுத்து வந்து தூசி தட்டினார். கொலு வைத்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. இந்த வருஷமும் வைக்காவிட்டால் லக்ஷ்மம்மா அப்புறம் எங்கேயுமே இல்லை, அவ்வளவுதான்.

பொம்மைதான் இல்லையே தவிர, மூக்கு நசுங்கிய பிளாஸ்டர் வார்ப்புகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன.

அமாவாசையன்று மேல்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய பங்கஜவல்லி கூடத்தில் நுழைந்ததும் அப்படியே நின்றாள். அவளுக்கு அறுபது வயசு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"என்னடா இது?"

"கொலு."

கீழ்ப்படியில் மரவட்டையையும் நண்டையும் சேர்த்துச் செய்தமாதிரிப் பூச்சிகள் வரிசையாக இருந்தன. அதற்கு மேல் கடல் பூக்கள், பவழங்கள். மூன்றாவதில் கவசம் போட்ட மீன்கள். நான்காவதில் நிலக்கரிக் காட்டின் இலைத் தடங்களும், தவளைக்குப் பெரியப்பா மாதிரி ஒன்றும். ஐந்தாம் படி வெறுமையாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்து, நட்டநடுவில் நகம் அளவுக்கு ஒரே ஒரு கிளிஞ்சல். அதற்கு மேலே மறுபடி சின்னச் சின்னதாக ஏதோ ஆரம்பித்து, ஏழாம் படியில் சுருள் நத்தைகளுக்கு நடுவே வால் உடைந்த ராட்சசப் பல்லி ஒன்று பல்லைக் காட்டியது. எட்டில் செட்டியார், நாய், யானை. ஒன்பதில் கலசமும் மரப்பாச்சியும். ஆண் மரப்பாச்சிக்கு நம்பி தம் கைக்குட்டையைக் கட்டிவிட்டிருந்தார்.

"நம்மாத்துப் பொம்மையெல்லாம் எங்கே?"

நம்பி பெட்டியைக் காட்டினார். பங்கஜவல்லி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தசாவதாரம்?"

"ஒன்பதும் போச்சு."

ஒன்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் பட்டது ஐந்தாம் படி.

"இதென்ன, பொம்மை பத்தலையா? படியை ஒழிச்சு வெச்சிருக்கியே."

"அதுல அப்படித்தான் இருந்துது அக்கா. இருபது கோடி வருஷத்துக்கு முன்னால. கீழ் நாலு படியில இருந்தவா கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே ஒழியா ஒழிஞ்சா. பூமியில அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் அந்தமாதிரி நடக்கலை."

"கோடியும் வேண்டாம், லட்சமும் வேண்டாம். வெறும் படி வெக்கப்படாதுடா. ஆத்துக்கு ஆகாது."

"ஆத்துக்கு ஆகவேண்டியதெல்லாம் ஆயாச்சு அக்கா."

பங்கஜவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். காபி குடித்தாள். புறப்படும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"விஜயதசமிக்கு ஜம்பூ சவாரி, யானை ஊர்வலம் பார்க்க வருவேன். அந்த மரப்பாச்சியையாவது எடுத்துண்டு போறேன். என் பேத்தி கல்யாணத்துக்கு ஆகும். உன்கிட்ட இருந்து என்ன பண்ணப்போறது?"

"கொலுவுல நிக்கும்."

"யாருக்குடா கொலு? அதுக்குள்ள ஒரு பொம்மனாட்டி, ஒரே ஒருத்தி, இங்க வந்து உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடிட்டுப் போகட்டும். அப்புறம் மரப்பாச்சியைப் பத்தி நான் வாயைத் திறக்கலை."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெருவின் நடைமுறை அவளுக்குத் தெரியும். கொலுவுக்கு அழைக்கிறவள் வீட்டுப் பெண். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும். பெண்டாட்டி இல்லாத மனுஷர் சிமிழைத் தூக்கிக்கொண்டு போனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அழைக்காத கொலுவுக்கு யாரும் போவதும் இல்லை.

பிரதமையன்று நம்பி விளக்கேற்றிவிட்டுச் சுண்டல் செய்தார். கடலையை முதல் நாளே ஊறப்போட வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டுப்புடவைகள் தெருவில் போயின, வந்தன. பக்கத்து வீட்டில் பாடினார்கள், எதிர்வீட்டில் பாடினார்கள். இங்கே ராட்சசப் பல்லியும் செட்டியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பி சுண்டலைத் தானே தின்றார். மறுநாள் கடலை வெந்திருந்தது. அதையும் அவரே தின்றார். மூன்றாம் நாள் பயறு. அவருக்கு வயிறு கடபுடா என்றது. மனசு அதைவிட மோசமாக இருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் வாசலில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் நின்றாள். அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று. ஆஸ்பத்திரியில் லக்ஷ்மம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஜேன்.

"அம்மா கூப்பிட்டிருந்தாங்க சார்," என்றாள் ஜேன். "வார்டுல இருக்கும்போதே. எங்க வீட்டுக் கொலுவுக்கு நீ அவசியம் வரணும்னாங்க. போன வருஷம் இருக்காதுன்னு தெரியும். அதான் இப்ப வந்தேன்."

அழைப்பு அனுப்பப்பட்டுத்தான் இருந்தது. இரண்டு வருஷம் முன்னாலேயே அனுப்பப்பட்டிருந்தது. நம்பி கதவை அகலத் திறந்தார். கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னார்.

ஜேன் பாயில் உட்கார்ந்து கீழ்ப்படியிலிருந்து மேலே வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டாள். ஐந்தாம் படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"இங்க என்ன ஆச்சு?"

"கடல் உள்வாங்கித்து. கரையோரம் ஆழமில்லாத தண்ணியிலதான் அத்தனை உயிரும் இருந்துது. தண்ணி போனதும் இடம் போச்சு. நிலத்துல மழை குறைஞ்சு பாலைவனமாச்சு. குளிர்தான் காரணம்னு சில பேர், உஷ்ணம்னு சில பேர். எரிமலையும் இருந்திருக்கலாம்."

"கடைசியா எதுனால சார்? நாங்க சாவு சர்டிபிகேட்ல ஏதாவது ஒண்ணு எழுதியாகணும்."

"ஒண்ணுனால இல்லைம்மா. ஒண்ணு ஆரம்பிச்சு, இன்னொண்ணைக் கூப்பிட்டு, அது வேற ஒண்ணை இழுத்துண்டு வந்து..."

"வார்டுலயும் அப்படித்தான் சார்," என்றாள் ஜேன். "ஒரு காரணத்தால யாரும் போறதில்ல. அம்மாவுக்கும் அப்படித்தான். முதல்ல காய்ச்சல், அப்புறம் நெஞ்சு, அப்புறம் கிட்னி. நாங்க எழுதினது ஒண்ணு."

பின்னால் வந்த காலத்தில் விஞ்ஞானிகள் இதைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். இருபது கோடியை இருபத்தைந்து கோடியாகத் திருத்தினார்கள். வடக்கே சைபீரியாவில் நெருப்புக் குழம்பு பல லட்சம் வருஷம் பொங்கி வழிந்தது என்றும், அது நிலக்கரியைச் சுட்டுக் கரிவாயுவைக் காற்றில் ஏற்றியது என்றும், பூமி சூடாகிக் கடல் நீரில் மூச்சுவிடக் காற்றில்லாமல் போனது என்றும் சொன்னார்கள். ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டது என்பதில் மாற்றம் இல்லை. அன்று கிருஷ்ணமூர்த்திபுரத்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் இது தெரியாது. அவர்கள் இருவரும் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஒருத்தியை.

சுண்டலைக் கொடுக்கும்போது நம்பி தயங்கினார். "வந்தவா பாடணும்னு ஒரு வழக்கம் உண்டு. கட்டாயம் இல்லை."

"எனக்கு சர்ச்சுல பாடற பாட்டுதான் சார் தெரியும்."

"பாடும்மா. இங்க ஆட்சேபிக்கறவா யாரும் இல்லை. பாதிப் பேர் கடல்ல இருந்தவா."

ஜேன் பாடினாள். கணீரென்ற குரல். மேய்ப்பனைப் பற்றியும் காணாமல் போன ஆட்டைப் பற்றியும் ஒரு தமிழ்ப் பாட்டு. நம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

மறுநாளும் அவள் வந்தாள். கைப்பையிலிருந்து தாளில் சுற்றிய ஒரு சின்ன ஆட்டுக்குட்டியை எடுத்தாள். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற ஆடு.

"வீட்டுக்குப் போயும் அந்தக் காலிப் படிதான் சார் ஞாபகம். இதை அந்தக் கிளிஞ்சல் பக்கத்துல வைக்கட்டுமா?"

"அப்போ ஆடு கிடையாதும்மா."

"எப்ப வந்தது?"

"எட்டாம் படிக்கு."

"அதுவரைக்கும் இது தனியாவா இருக்கும்?"

பல லட்சம் வருஷம் கிட்டத்தட்டத் தனியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார் நம்பி. இரண்டு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. "வெச்சுடு," என்றார்.

அன்று அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு ஸரஸா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டில் கொலுப் பாட்டுக் கேட்டும் யார் பாடுகிறார்கள் என்று பார்க்காமல் தன் வீட்டில் உட்கார்ந்திருக்க அந்தத் தெருவில் யாருக்கும் தெம்பு கிடையாது.

"மாமா, நேத்தும் பாட்டுக் கேட்டுதே. யாரு?"

"உள்ள வா. சுண்டல் இருக்கு."

ஸரஸா உள்ளே வந்தாள். ராட்சசப் பல்லியைப் பார்த்து, உடும்பு ஜோராக இருக்கிறது என்றாள். பிறகு அவள் பார்வையும் ஐந்தாம் படியில் போய்த் தைத்தது. ஒரு கிளிஞ்சல், ஒரு ஆடு. மீதியெல்லாம் வெறும் துணி. அவள் முகத்தில் ஒரு தவிப்பு வந்தது. குழந்தை வெறும் வயிற்றோடு நிற்பதைப் பார்த்தால் வருமே, அந்தத் தவிப்பு. "ஒரு நிமிஷம் மாமா," என்று ஓடினாள். திரும்பி வரும்போது கையில் பாண்டு வாத்தியக்காரர்கள் பொம்மை செட்டு இருந்தது, டமாரம் அடிக்கிறவன் உட்பட.

"ஸரஸா, இது இருபது கோடி வருஷத்துக்கு முந்தின படி. பாண்டு அப்போ கிடையாது."

"இருக்கட்டும் மாமா. ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. வெறும் படியைப் பார்த்துட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

வெற்றிலை பாக்குத் தட்டைப் பார்த்துவிட்டு, "நானே எடுத்துக்கறேன்," என்று குங்குமத்தையும் தானே இட்டுக்கொண்டாள். அந்தச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. ஐந்து நாளாகப் பெரிய சிக்கலாக நம்பி நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தெரு முழுக்கச் செய்தி போயிற்று. நம்பி மாமா வீட்டில் ஒரு படி காலியாக இருக்கிறதாம். அழைப்பில்லை என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். காலிப் படி என்பது தாங்கக்கூடிய விஷயமாக இல்லை. ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போலீஸ்காரன் வந்தான். பூசணிக்காய்க்காரி வந்தாள். தவழும் கிருஷ்ணன் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். நம்பி முதல் இரண்டு நாள் ஒவ்வொருவரிடமும் ஆட்சேபித்தார். எந்த உயிர் எந்தப் படி என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பொம்மையை ஐந்தாம் படியிலேயே வைத்துவிட்டு, உட்கார்ந்து பாடினார்கள். பூமிக்குப் பல லட்சம் வருஷம் பிடித்த காரியத்தைக் கிருஷ்ணமூர்த்திபுரத்துப் பெண்கள் சரஸ்வதி பூஜைக்குள் முடித்துவிட்டார்கள். கிளிஞ்சல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நம்பி கடலையை இரண்டு பங்காக ஊறப்போட்டார்.

விஜயதசமியன்று மத்தியானம் ஊரே ஜம்பூ சவாரி பார்க்கப் போயிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, நேராக நம்பி வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஜேனும் வந்தாள். ஸரஸா பாடிக்கொண்டிருக்கும்போது பங்கஜவல்லி உள்ளே வந்தாள். கூட்டத்தில் இடிபட்டுப் புடவை கசங்கியிருந்தது. கையில் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

கூடம் நிறையப் பெண்கள். அவளை உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை. ஐந்தாம் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதெல்லாம் யாரு?" என்றாள் கடைசியில்.

"அவாவா ஆத்துலேர்ந்து வந்தா. படி காலியா இருக்குன்னு," என்றார் நம்பி. பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மரப்பாச்சியை எடுத்துத் தரேன் அக்கா. சொன்ன சொல் சொல்லுதான், ஒருத்தி பாடினா விட்டுடறேன்னு நீ சொன்னே. ஆனா உன் பேத்திக்குன்னு ஆசைப்பட்டிருக்கே. எடுத்துக்கோ."

"பேடா," என்றாள் பங்கஜவல்லி. வேண்டாம் என்பதை அவள் கன்னடத்தில் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்று அர்த்தம். "அதுக்காக நான் வரலை. பத்து நாளா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லைடா. கண்ணை மூடினா அந்த ஒழிஞ்ச படிதான் நிக்கறது. என் கொலுவைப் பார்த்தா, அங்க..."

அவள் பையைப் பிரித்தாள். பழைய வேஷ்டித் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே கூர்மாவதாரம் இருந்தது. பச்சைமண் பொம்மை. ஓட்டில் ஒரு கீறல் இல்லை. மஞ்சள் பீதாம்பரத்தின் வர்ணம்கூட மங்கவில்லை.

பாட்டு நின்றுவிட்டது.

"அவ கேக்கவே இல்லை," என்றாள் பங்கஜவல்லி. "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"தெரியும்."

"குடுத்திருந்தா இதுவும் அந்தப் பெட்டியில கரைஞ்சிருக்கும்."

நம்பி ஆமையை வாங்கிக்கொண்டார். ஆயிரம் வார்ப்புகளைக் கூச்சமில்லாமல் ஒற்றைக் கையில் தூக்கியவர், இதை இரண்டு கையாலும் ஏந்தினார். அது அழகாக இருந்ததால் தப்பவில்லை. சாமி என்பதாலும் தப்பவில்லை, மற்ற ஒன்பதும் சாமிதான். அந்தச் சமயத்தில் வேறு எங்கேயோ இருந்தது, அவ்வளவுதான். எத்தனையோ ராத்திரி இலைக்கு முன்னால் உட்கார்ந்து தானே சொன்ன பதில் அது. சொன்னபோதெல்லாம் அது பாடமாக இருந்தது. இப்போது கண்ணீர் மறைத்ததில் அவருக்குப் படியே தெரியவில்லை. "ஒண்ணு பாக்கி இருந்துதுடி," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஸரஸா எழுந்து போலீஸ்காரனைக் கொஞ்சம் தள்ளினாள். ஜேன் ஆட்டுக்குட்டியை நகர்த்தினாள். பின்னால் எங்கோ ஒளிந்திருந்த கிளிஞ்சல் வெளியே தெரிந்தது. அதன் பக்கத்தில் ஆமையை வைத்தார்கள். அது எந்தக் காலத்துப் படி என்று நம்பி ஆட்சேபிக்கவில்லை.

மங்கள ஆரத்தி ஆனதும், வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டும். பங்கஜவல்லி நாற்காலியில் ஏறி மரப்பாச்சி ஜோடியை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள். கைக்குட்டையைச் சரிசெய்தாள். இறங்கும்போது அண்ணாந்து பரணையும் அதற்கு மேலே விண்டிருந்த ஓட்டையும் பார்த்தாள்.

"அந்த ஓட்டை மாத்தினியா?"

"இல்லை. மாத்தி என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்."

"நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மாத்து. இனிமே நனையறதுக்கு ஒண்ணு இருக்கு."